ஊர்ச்சாலையில் லாரிகளை எண்ண ரப்பர் டியூப் கணக்கி: எதை வாங்கலாம், எங்கே ஏமாறுவோம்

கல் குவாரியோ, பெரிய கிடங்கோ, ஜல்லிக் கலவை ஆலையோ ஊர்ப்பக்கம் வருகிறது என்றால் முதல் கேள்வி, நாளைக்கு எத்தனை லாரி என்பதுதான். தாளில் கணக்குப் போடுவது எளிது. தினம் 1,000 டன் வெளியே போக வேண்டும், ஒரு வண்டிக்கு 25 டன் என்றால் 40 லோடு. காலி வண்டி வருவதையும் சேர்த்தால் சாலையில் 80 நடை. பத்து மணி நேரத்துக்குப் பிரித்தால் ஏழரை நிமிடத்துக்கு ஒரு லாரி. ஆனால் எந்த ஊரிலும் லாரிகள் அப்படிச் சீராக வருவதில்லை. விடிந்ததும் வாசலில் வரிசை கட்டும், மதியம் ஓயும், மாலையில் மறுபடி குவியும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எத்தனை லாரி போகிறது என்று சராசரி சொல்லாது. எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு இன்றைக்கும் எங்கள் முதல் தேர்வு, சாலைக்குக் குறுக்கே கட்டும் இரட்டை ரப்பர் டியூப் கணக்கிதான். டயர் ஏறியதும் டியூபுக்குள் காற்று அழுந்துகிறது. அந்த அழுத்தம் ஓரத்தில் உள்ள பெட்டிக்குப் போய், நேரத்தோடு பதிவாகிறது. முதலில் மிதிபட்ட டியூபை வைத்துத் திசையும், இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்து வேகமும், ஆக்சில்களுக்கு (சக்கரங்களைத் தாங்கும் அச்சுகளுக்கு) நடுவே உள்ள தூரத்தை வைத்து வண்டியின் வகையும் தெரிகிறது. நகரத்துப் பலதடச் சாலையில் இது தடுமாறும். இரண்டு வண்டிகள் ஒரே நொடியில் ஏறினால் ஆக்சில்கள் கலந்துவிடும். போக்குவரத்து குறைந்த ஒற்றைத் தட ஊர்ச்சாலையோ இதற்கென்றே அமைந்த இடம்.

ஒற்றை டியூப் பெட்டி விலை குறைவு என்று வாங்காதீர்கள். மலிவான பல பெட்டிகள் ஆக்சில்களை எண்ணி இரண்டால் வகுத்துவிடும். ஆறு ஆக்சில் டிரெய்லர் ஒன்று போனால் மூன்று வண்டி போனதாகக் காட்டும். லாரிப் பிரச்சினைக்காகவே எண்ணும்போது இந்தத் தவறு முழுக் கணக்கையும் கெடுத்துவிடும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூட்டி மொத்தத்தை மட்டும் சேமிக்கும் பெட்டியும் வேண்டாம். ஒவ்வொரு மிதியையும் அப்படியே சேமிக்கும் பெட்டி இருந்தால், வகைப்பாடு தப்பாகப் போனாலும் பிறகு உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம்.

கட்டுவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நேரான, பள்ளமில்லாத தார்ச்சாலை வேண்டும். சந்திப்பு, வேகத்தடை, லாரிகள் காத்திருக்கும் வாசல் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். டியூப் மேல் பிரேக் பிடித்தால் ஆணியோடு பிய்ந்து வரும். வண்டி ஊர்ந்து போனால் அழுத்தம் பலவீனமாகி மிதி பதிவாகாது. இரண்டு டியூபையும் சாலைக்குச் செங்குத்தாக, சரியாக 1 மீட்டர் இடைவெளியில், விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தொய்வு இருந்தால் டியூப் துள்ளி, ஒரே டயரை இருமுறை எண்ணும். இதைத் தவிர்க்க வடிகட்டும் நேரத்தை, அதாவது ஒரு மிதிக்குப் பின் அடுத்ததைப் பெட்டி கண்டுகொள்ளாமல் விடும் நேரத்தை, அதிகமாக்கினாலும் ஆபத்துதான். 1.3 மீட்டர் இடைவெளியுள்ள இரட்டை ஆக்சில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 58 மில்லி நொடியில் கடந்துவிடும். வடிகட்டி அதைவிட நீளமாக இருந்தால் பின் ஆக்சிலை விழுங்கிவிடும்.

டியூப்களின் நீளம் சமமாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. காற்றழுத்தம் ஒலியின் வேகத்தில்தான் போகிறது. ஒரு டியூப் மற்றதைவிட 1 மீட்டர் நீளமாக இருந்தால் சுமார் 3 மில்லி நொடி தாமதம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மீட்டரைக் கடக்க 60 மில்லி நொடி ஆகிறது. ஆக வேகத்தில் 5 விழுக்காடு பிழை. ஒரு டியூபில் ஓட்டை விழுந்து நுனியை வெட்டினால், மற்றதையும் அதே அளவுக்கு வெட்டிவிடுங்கள். பெட்டியிலிருந்து தள்ளியிருக்கும் முனையை இறுக அடையுங்கள். மழைநீர் உள்ளே போனால் கணக்கு நின்றுவிடும். எந்த டியூப் பெட்டியின் எந்தத் துளையில் என்று எழுதி வைக்காவிட்டால் போகும் வண்டி வரும் வண்டியாக மாறிவிடும். கட்டியதும் அரைமணி நேரம் நின்று கையால் எண்ணி ஒப்பிடுங்கள். மறுநாளும் ஒருமுறை பாருங்கள்.

இதன் பெரிய குறை, எடை தெரியாது. சாலையை உடைப்பது எண்ணிக்கையைவிட ஆக்சில் பாரம்தான். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிப் பார்த்த சோதனையிலிருந்து வந்த நான்காம் அடுக்கு விதியின்படி (பாரத்தை நான்கு முறை தன்னோடு தானே பெருக்கிய அளவில் சேதம் ஏறும்), ஆக்சில் பாரம் 20 விழுக்காடு கூடினால் சேதம் ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் ஆலை வாசலின் எடைமேடைச் சீட்டுகளையும் இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். லிஃப்ட் ஆக்சில் உள்ள லாரி காலியாகத் திரும்பும்போது அந்த ஆக்சிலைத் தூக்கிக்கொள்ளும். பெட்டி அதை வேறு வகை வண்டியாகக் காட்டும். டிரெய்லர் பூட்டிய டிராக்டரையும் பல மென்பொருள்கள் லாரியோடு சேர்த்துவிடும். அறுவடைக் காலத்தில் இந்தக் குழப்பம் அதிகம்.

அளவு கைக்கு வந்தபின் பேச்சே மாறும். "லாரியைக் குறையுங்கள்" என்று பொதுவாகக் கேட்பதை விட்டு, "காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை லோடு வண்டி வேண்டாம்", "லோடு ஒரு வழியாகப் போகட்டும், காலி வேறு வழியாக வரட்டும்" என்று கேட்கலாம். இரண்டரை மீட்டர் அகல லாரிகள் இரண்டு எதிரெதிரே வந்தால் மூன்றே முக்கால் மீட்டர் சாலையில் ஒன்று மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஒதுங்குமிடம் எங்கே அமைப்பது என்பதையும் மணிவாரிக் கணக்கே காட்டிக்கொடுக்கும். நிபந்தனை மீறப்பட்டால் அது எந்த நாள், எந்த மணி என்று பதிவு இருக்கும்.

தொழில் தொடங்கும் முன்பே, விழா நாளும் அறுவடையும் இல்லாத ஒரு வாரத்தில் ஏழு நாளும் இரவு பகலாக எண்ணி வையுங்கள். தொடங்கிய பின் அந்த எண்ணிக்கையைத் திரும்ப எடுக்கவே முடியாது. ஆணி அடித்த இடத்தைச் சாலையோரத்தில் பெயிண்டால் குறித்து வைத்தால், அடுத்த முறையும் அதே இடத்தில் கட்டலாம்.