வளையும் பற்கள் கொண்ட தலைமுடி பிரஷ்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

பல் வளைந்து கொடுக்கும் சிக்கெடுக்கும் பிரஷ்ஷை வாங்கலாமா என்று தோழி கேட்டாள். என்னைப் போலவே அவளுக்கும் இடுப்பு வரை சுருள் முடி. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதியே விடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். இது வலிக்காது. நீளப் பற்களும் குட்டைப் பற்களும் மாறி மாறி இருக்கும். முடிச்சில் முட்டியதும் பல் வளைந்து விலகிவிடும். தலைக்குக் குளித்த அன்று கண்ணில் நீர் வராமல் வாரி முடிப்பது எனக்குப் பெரிய விஷயம்.

ஆனால் அந்த வளைகிற பல் மேல்தான் என் கோபமும். பிடரியில், காலரும் தலையணையும் உரசுகிற இடத்தில், முடி திரிதிரியாகச் சடைபிடிக்கும். பிரஷ் அதன் மேலாக வழுக்கிக்கொண்டு போய்விடும். வெளியே பார்த்தால் படிய வாரிய முடி. விரலை உள்ளே விட்டால் சுண்டுவிரல் நுனி அளவுக்கு முடிச்சு அப்படியே இருக்கும். மறுநாள் இன்னும் இறுகியிருக்கும். வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை இதே கதைதான்.

அதை எடுக்க விரல்தான் வேண்டும். கண்டிஷனரைத் தாராளமாகத் தடவிக் கொஞ்சம் ஊறவிட்டு, முடிச்சுக்கு மேலே முடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்; அப்போதுதான் இழுப்பு வேர்க்காலுக்குப் போகாது. பிறகு முடிச்சின் அடியிலிருந்து இரண்டு மூன்று இழைகளாகப் பக்கவாட்டில் பிரியுங்கள். மெல்ல மெல்ல, நுனிப் பக்கமாக உருவினால் சில இழைகள் தனியாகவே வந்துவிடும். அவை ஏற்கெனவே உதிர்ந்தவை. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கீழே விழாதவை மற்ற முடியைச் சுற்றிக்கொள்கின்றன. ஆகவே கையில் சுருண்டு வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம், கத்தரிக்கோலையும் தேட வேண்டாம். மாதம் சுமார் 1 செ.மீ. வளர்கிற முடியில், இடுப்பைத் தொடும் நுனிக்கு ஐந்தாறு வயதாவது இருக்கும். அதை ஒரு நிமிட அவசரத்தில் வெட்டிப்போட மனசு வருமா?

ஈர முடி அதிகம் நீளும், சீக்கிரம் அறும். நேர் முடிக்காரர்கள் கொஞ்சம் உலரவிட்டு வாரலாம். சுருள் முடியைக் கண்டிஷனரோடு ஈரத்திலேயே, நுனியிலிருந்து மேல்நோக்கிப் பகுதி பகுதியாக எடுப்பதுதான் நல்லது.

அப்புறம், பெரிய பல் சீப்பு வாங்கும்போது பல் இடுக்கில் விரலை ஓட்டிப் பாருங்கள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் சீப்புகள் பலவற்றில் மெல்லிய விளிம்பு ஒன்று தட்டுப்படும். முடியின் மேல்தோலை அது சுரண்டிவிடும். வழவழப்பாக இருப்பதையே எடுங்கள்.

என் பிரஷ்ஷின் நடுப்பற்கள் இப்போது சாய்ந்துவிட்டன. நான் பயன்படுத்தியதிலேயே வலிக்காத பிரஷ் இதுதான்; ஆனாலும் இன்னொன்று வாங்க மாட்டேன். நேற்று ராத்திரி பிடரி முடிச்சோடு வெகுநேரம் போராடிய எரிச்சலும் இதில் சேர்ந்திருக்கலாம், இருக்கட்டும். அடர்ந்த சுருள் முடிக்கு நல்ல பெரிய பல் சீப்பும் கண்டிஷனரும் பொறுமையும் போதும். மெல்லிய நேர் முடியுள்ள, சீப்பைக் கண்டாலே அழுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மட்டும், யோசிக்காமல் இந்த பிரஷ்ஷையே வாங்குங்கள்.