5 நாள் அலுவலகமா, முழுக்க வீடா, ஹைப்ரிட்டா (சில நாள் அலுவலகம், சில நாள் வீடு)?

கொரோனாவுக்குப் பிறகு தனியார் நிறுவனங்களின் எச்ஆர் (மனிதவள) துறைகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வேலை நடக்கிறதா என்று மட்டும் பார்த்தால் இதில் தெளிவு கிடைக்காது. ஆட்கள் நிலைக்கிறார்களா, வளர்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

அமேசான் தன் அலுவலக ஊழியர்களை 2025 ஜனவரியிலிருந்து வாரத்தில் 5 நாளும் அலுவலகம் வரச் சொன்னது. நேரில் இருந்தால் கற்பதும் கற்பிப்பதும் எளிது என்பது அதன் வாதம். புதிதாகச் சேர்ந்தவர்கள் விஷயத்தில் இது முழுக்கச் சரி. ஆனால் கட்டாயப்படுத்தினால் முதலில் கிளம்புவது வெளியே எளிதாக வேலை கிடைக்கக்கூடிய திறமைசாலிகள்தான்.

முழுக்க வீட்டிலிருந்தே இயங்கும் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம், எல்லா நடைமுறைகளையும் எழுதி வைத்துத்தான் சமாளிக்கிறது. அந்த ஒழுக்கம் இல்லாத நிறுவனம் இதில் இறங்கக் கூடாது.

சீனாவின் சிடிரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனம் 2010-ல் தன் கால் சென்டரில் ஒரு சோதனை நடத்தியது. வாரம் 4 நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13% கூடியது. ஆனால் அதற்கேற்ற பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தனிமை தாங்காமல் பலர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். கண்ணில் படாதவர் மேலாளரின் நினைவிலும் இருப்பதில்லை. இது பெரிய அநியாயம்.

அதே நிறுவனம் டிரிப்.காம் என்ற பெயரில் 2021-22-ல் 1,612 பேரை வைத்து ஹைப்ரிட் முறையைச் சோதித்தது. ஒரு பிரிவினருக்குப் புதனும் வெள்ளியும் வீட்டில் வேலை. அவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பதவி உயர்விலும் மதிப்பீட்டிலும் எந்தச் சரிவும் இல்லை. உற்பத்தி குறையும் என்று முதலில் நினைத்த மேலாளர்களே பிறகு கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

என் ஓட்டு ஹைப்ரிட்டுக்குத்தான். ஆனால் நாட்களைக் குழு முழுவதற்கும் ஒன்றாக நிர்ணயிக்க வேண்டும். அவரவர் விருப்பம் என்று விட்டால், அலுவலகம் வந்தும் வீடியோ காலில்தான் பேச வேண்டியிருக்கும். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருக்காது.

அப்புறம், இந்த மூன்றுமே மேஜை வேலைக்காரர்களுக்கான வழிகள். எந்திரத்தின் முன் நிற்பவருக்கு வீட்டிலிருந்து வேலை கிடையாது. ஊரடங்கிலும் பல இடங்களில் வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். ஷிப்டைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் உரிமையும் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பும் அவர்களுக்கு இதே திட்டத்தில் எழுதப்பட வேண்டும்.