பெயர் போட்டால் போதுமா, சொந்தமாக எழுத வேண்டுமா?

கேழ்வரகுக் களியும் கொள்ளுக் கடைசலும் செய்யும் விதத்தை எழுதி, படமும் எடுத்து இணையத்தில் போட்டிருந்தேன். சில வாரம் கழித்து அதே எழுத்தும் அதே படமும் வேறொருவர் பக்கத்தில் இருந்தன. எங்கள் வீட்டுச் சட்டியின் நசுங்கிய விளிம்பு காட்டிக் கொடுத்துவிட்டது. கேட்டால், "கீழே உங்க பேரைப் போட்டிருக்கோமே, அப்புறம் என்ன?" என்கிறார்கள்.

பாலக்கோடு பக்கம் களி கிண்டத் தெரியாத வீடு குறைவு. நொய்யை வேகவிட்டு, மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி தட்டாமல் கிளறி, ஈரக்கையால் உருட்டுவது யாருடைய சொத்தும் இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் காப்பது எழுதிய விதத்தை. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1978இல், ஒரு நாடகம் சினிமா ஆன வழக்கில், சொல்லிவிட்டது. ஆக, அளவுப் பட்டியலை வைத்து யாரும் சண்டை போட முடியாது. ஆனால் 'மாவு வெந்த வாசனை திண்ணை வரை வரும்' என்று நான் எழுதினால் அந்த வரி என்னுடையது. படமும் அப்படியே. இதற்குப் பதிவு செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

அப்படியே எடுத்துப் போட்டுப் பெயர் சேர்ப்பதில் வேலை மிச்சம், மரியாதையும் தெரிகிறது. சிக்கல் என்னவென்றால், நன்றி வேறு, அனுமதி வேறு. விமர்சனம் எழுதும்போது நாலு வரி மேற்கோள் காட்டலாம், முழுசாக அள்ள முடியாது.

நாமே சமைத்து, நம் வார்த்தையில் எழுதி, நம் போனில் படம் எடுப்பதற்கு அரை நாள் போகும். சட்டப்படி இதுதான் பத்திரம். யாரிடம் கற்றோம் என்று சொல்லச் சட்டம் கேட்காது, சொல்வது பண்பு. சும்மா 'சேர்க்கவும்' என்பதை 'போடவும்' என்று மாற்றுவதை மட்டும் நான் இதில் சேர்க்க மாட்டேன்.

இணைப்பை மட்டும் அனுப்புவது சுலபம், வம்பில்லை. ஆனால் அந்தப் பக்கம் நாளைக்கு இருக்குமா என்பது வேறு கதை.

சரி, நம் எழுத்தைப் பூட்டுவதா, திறந்து விடுவதா? சும்மா விட்டால் எழுத்தாளர் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும் உரிமை தானாகவே நிற்கும். பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் விட்டால், அந்த "பேரைப் போட்டிருக்கோமே" என்ற பதில் நியாயமாகிவிடும். எப்படிப் பூட்டினாலும், ஒகேனக்கலில் மீன் வறுப்பவர் உங்கள் மசாலாவைப் படித்து அரைத்து விற்பதைத் தடுக்க முடியாது. அதைத் தடுக்க வேண்டுமென்றால் எழுதாமல் இருக்க வேண்டியதுதான்.

என் கொள்ளுக் கடைசல் எழுத்தைத் திறந்து விட்டுவிட்டேன். நசுங்கிய சட்டியின் படத்தை மட்டும் விடவில்லை.