முதலெழுத்து வேட்டை: மூன்று வருட அனுபவம்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு விடுமுறை நாளில் பைத்தான் என்ற நிரல்மொழியில் இருபது வரி எழுதினேன். கவிதைக் கோப்பைக் கொடுத்தால் ஒவ்வொரு அடியின் முதலெழுத்தையும் எடுத்துக் கோத்து, அதில் அகராதிச் சொல் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறேன். வேகத்தில் குறையே இல்லை. ஆனால் சில முறை நன்றாக ஏமாந்திருக்கிறேன்.

முதலில் விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பார்த்தேன். லூயிஸ் கரோலின் இரண்டாவது ஆலிஸ் கதையின் (1871) கடைசியில் 21 அடிப் பாட்டு ஒன்று வரும். முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஆலிஸ் பிளெசன்ஸ் லிடெல்', அதாவது அந்தக் கதைக்குக் காரணமான சிறுமியின் முழுப்பெயர். கண் சிமிட்டுவதற்குள் வந்துவிட்டது.

அப்புறம் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்', ஆதாம் ஏவாளின் வீழ்ச்சியைப் பாடும் ஆங்கிலக் காவியம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள். தொப்பி, வௌவால் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்றெழுத்து ஆங்கிலச் சொற்கள் வந்து குவிந்தன. 'அண்ட்', 'டு', 'ஆஃப்' என்று அடிகள் தொடங்கிக்கொண்டே இருந்தால் ஏ, டி, ஓ எல்லாம் நிறைய விழத்தானே செய்யும்? குறைந்தது ஐந்தெழுத்து என்று வரம்பு வைத்தேன். குப்பை கழிந்ததும் ஒன்பதாம் காண்டத்தின் 510 முதல் 514 வரையிலான அடிகள் நின்றன: எஸ், ஏ, டி, ஏ, என். சாத்தான்! 1977இலேயே இதைக் கண்டு எழுதிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. இருந்தாலும் அடிகளைப் படித்தபோது சிலிர்த்தது. பாம்பு உருவில் அவன் ஏவாளை நெருங்கும் இடம் அது. நேராக வராமல், காற்றுக்கேற்பத் திரும்பும் கப்பல் போலப் பக்கவாட்டில் வளைந்து வருகிறான். பெயரும் பக்கத்தின் ஓரத்தில் பதுங்கி இறங்குகிறது.

அதே வரம்பால் இன்னொன்றைக் கோட்டைவிட்டேன். தனியே போகிறேன் என்று ஏவாள் வாதாடும் இடத்தில் 'வீழ்ச்சி' என்ற பொருளில் 'ஃபால்' ஒளிந்திருப்பதை 2019இல் ஓர் அமெரிக்க மாணவி வெளியிட்டார். மேலிருந்து கீழே ஒவ்வோர் எழுத்தும் இரட்டை இரட்டையாக, கீழிருந்து மேலே ஒற்றையாக. நான்கெழுத்து, இரட்டிப்பு, தலைகீழ் மூன்றுமே என் நிரலுக்குத் தெரியாது.

பெரிய அசடு வழிந்தது வேறொரு கவிதையில். ஆறெழுத்துச் சொல் கிடைத்து இரண்டு நாள் மிதந்தேன். அச்சுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், நான் இறக்கிய பிரதியில் நீண்ட அடிகளை இரண்டாக உடைத்திருந்தார்கள். அந்தச் சொல் கவிஞருடையதே இல்லை.

தமிழில் ஆத்திசூடியைக் கொடுத்தேன். 'கடிவது மற' முதல் 'கௌவை அகற்று' வரை பன்னிரண்டு அடிக்கும் 'க' என்றே விடை. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் உயிர்க்குறி தனிக் குறியீடு என்பதை மறந்திருந்தேன். அது சின்ன வேலை, சரிசெய்துவிட்டேன். அதற்குப் பிறகும் வரிசை ஓரிடத்தில் தடுக்கியது. 'ஔவியம் பேசேல்' வரை ஒழுங்காக வந்து, அடுத்து ஃ வர வேண்டிய இடத்தில் மறுபடியும் அ. நிரலில் பிழை என்று அரை மணி நேரம் தேடினேன். அடி என்ன தெரியுமா? 'அஃகம் சுருக்கேல்'. ஃ சொல்லுக்கு முதலில் வராது, ஔவையார் அதை இரண்டாம் எழுத்தில் வைத்திருக்கிறார்! ட, ண இரண்டுக்கும் இதே உபாயம்: 'இடம்பட வீடு எடேல்', 'இணக்கம் அறிந்து இணங்கு'. ங வந்ததும் அந்த எழுத்தின் வளைவையே உவமையாக்கி 'ஙப்போல் வளை' என்று நேராகவே தொடங்கிவிட்டார். பள்ளியில் எத்தனை முறை ஒப்பித்திருப்பேன், ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

இப்போது ஐந்தெழுத்து வரம்பை எடுத்துவிட்டேன். குப்பை அதிகம்தான், பொறுமையாகப் பார்க்கிறேன். கிடைக்கும் சொல்லுக்கும் அந்த அடிகளின் பொருளுக்கும் ஒட்டுறவு இல்லையென்றால் அழித்துவிடுவேன். உரைநடைக்கு மட்டும் இதைப் பயன்படுத்துவதில்லை. அங்கே வரி எங்கே முறியும் என்பது அச்சுக்கோப்பவர் கையில்.