பென்டியம் எம்மா, ஆட்டமா, ஜியோடா, இ-350ஆ? பழைய ப்ராசஸர்ல எதை வச்சுக்கலாம்

பழைய லேப்டாப்போ சின்ன போர்டோ கையில கிடைச்சா எல்லாரும் முதல்ல பாக்கிறது எத்தனை கிகாஹெர்ட்ஸ்னுதான், ஆனா இன்டெலோட பென்டியம் எம்லயும் 1.6 மாடல் இருக்கு, அதே இன்டெலோட ஆட்டம் என்270ம் 1.6, ஏஎம்டி இ-350ம் 1.6, மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட்டிப் பாத்தா அந்த நம்பரை யாரும் மறுபடி பேச மாட்டாங்க.

பென்டியம் எம் 2003ல வந்தது, என்270 வந்தது 2008ல. அஞ்சு வருஷம் புதுசு, அப்போ ஆட்டம்தானே வேகம்னு தோணும், ஆனா ஒரே த்ரெட்ல (ஒத்தை வரிசையா) ஓடுற வேலைன்னா பென்டியம் எம் அதை அசால்ட்டா தாண்டிடும். ஏன்னா ஆட்டம் இன்-ஆர்டர் டிசைன், வந்த வரிசையிலதான் வேலை நடக்கும், க்யூல முன்னாடி நிக்கிற ஆள் பர்ஸ்ல சில்லறை தேடினா பின்னாடி இருக்கிற எல்லாரும் காத்திருக்கணும்ல, அந்தக் கதைதான். மெமரில இருந்து ஒரு டேட்டா வர லேட்டானா மொத்தமும் நிக்கும். அந்த காலி நேரத்தை நிரப்பத்தான் ஹைப்பர்த்ரெடிங் (ஒரே கோர் ரெண்டு கோர் மாதிரி நடிக்கிறது) குடுத்தாங்க, ரெண்டு வேலை சேர்ந்து ஓடுறப்ப அது நல்லாவே கைகுடுக்கும். பென்டியம் எம் அவுட்-ஆஃப்-ஆர்டர், ரெடியா இருக்கிறதை முதல்ல முடிச்சுட்டுப் போயிட்டே இருக்கும், போதாக்குறைக்கு 2004ல வந்த டோத்தன் மாடல்ல 2 எம்பி எல்2 கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி), என்270ல வெறும் 512 கேபி.

சரி, கரண்ட்ல ஆட்டம்தானே ஜெயிக்கும்? சிபியு மட்டும்னா ஆமா, 2.5 வாட் எங்க, டோத்தனோட 21 வாட் எங்க. ஆனா என்270 கூட வர்ற 945ஜிஎஸ்இ சிப்செட்டே (மெமரி, கிராஃபிக்ஸைப் பாத்துக்கிற துணைச் சிப்) 6 வாட், யுஎஸ்பி, டிஸ்க்கைப் பாத்துக்கிற ஐசிஎச்7 சிப் இன்னொரு 3.3, எல்லாம் கூட்டினா 11.8. டெஸ்க்டாப் ஆட்டம் 230 வச்சு இன்டெல் விட்ட டி945ஜிசிஎல்எஃப் போர்டைப் பாத்தீங்கன்னா சிரிப்பு வரும், சிபியு மேல வெறும் ஹீட்சிங்க், ஃபேன் இருக்கிறது சிப்செட் மேல! டிடிபி (சிப் வெளியிடுற சூட்டோட வாட் கணக்கு) நம்பரை மட்டும் பெருசா போட்டு விளம்பரம் பண்றவங்க இந்த போட்டோவைப் போட மாட்டாங்க.

வேகத்தை விட பெரிய தலைவலி ஒண்ணு இருக்கு, இன்ஸ்ட்ரக்ஷன் செட், அதாவது சிபியுவுக்குப் புரியிற கட்டளைகளோட பட்டியல். லினக்ஸ்ல சிபியுஇன்ஃபோ ஃபைலை (/proc/cpuinfo) திறந்து ஃப்ளாக்ஸ்னு இருக்கிற நீள வரியை ஒரு தடவை படிங்க. அதுல எல்எம் இருந்தா 64-பிட், பிஎன்ஐ இருந்தா எஸ்எஸ்இ3 (ஒரே கட்டளைல பல கணக்கு போடுற எஸ்எஸ்இ தொகுப்போட மூணாவது பதிப்பு). பென்டியம் எம்ல ரெண்டுமே கிடையாது, எஸ்எஸ்இ2 வரைக்கும்தான், 2021ல வந்த குரோம் 89ல இருந்து எஸ்எஸ்இ3 கட்டாயம்னு ஆயிடுச்சு, அதோட அந்தக் கதை முடிஞ்சது. என்270ல எஸ்எஸ்இ3 இருக்கு, ஆனா 64-பிட் இல்ல, அதே குடும்பத்து 230ல இருக்கு, இதுக்குக் குடுக்கல (இந்தக் கஞ்சத்தனம்தான் என்னால மன்னிக்கவே முடியாதது). டெபியன்ங்கிற லினக்ஸோட 13வது பதிப்பு வந்தப்புறம் 32-பிட் மெஷின்ல அதை நேரா இன்ஸ்டால் பண்ணவும் முடியாது. பழைய பென்டியம் எம்ல இன்னொரு கூத்து, பிஏஇ வசதி (32-பிட் சிப்பும் 4 ஜிபிக்கு மேல மெமரியைத் தொட விடுறது) உள்ள இருக்கும் ஆனா இருக்குன்னு வெளிய சொல்லாது, பழைய 32-பிட் உபுண்டு மாதிரி சிஸ்டம்ல பூட் லைன்ல ஃபோர்ஸ்பிஏஇ போட்டாத்தான் கெர்னல் கிளம்பும்.

ஏஎம்டியோட ஜியோட் எல்எக்ஸ்800 வேற ரகம். 500 மெகாஹெர்ட்ஸ், ஃபேனே வேணாம், எஸ்எஸ்இ சுத்தமா இல்ல, எம்எம்எக்ஸும் 3டிநவ்வும்தான், அதனால இப்போதைய பிரவுசரை மறந்துடுங்க. குழந்தைங்களுக்குன்னு வந்த எக்ஸ்ஓ-1 லேப்டாப்ல இதோட தம்பி எல்எக்ஸ்700 433ல ஓடுச்சு. ஆனா ரவுட்டர் வேலைக்கு இது பிறவி எடுத்த மாதிரி, ஏஇஎஸ்-128 என்க்ரிப்ஷன் ஹார்டுவேர்லயே இருக்கு, பிசி எஞ்சின்ஸ் கம்பெனியோட ஆலிக்ஸ் போர்டு எல்லாம் இதை நம்பித்தான் இருந்துச்சு. டெபியன் 12ல இதைக் கழட்டி விட்டுட்டாங்க, ரவுட்டருக்கான லினக்ஸ் ஓபன்டபிள்யூஆர்டில இதுக்குன்னே தனி பில்டு வச்சிருக்காங்க. விஐஏ சி7ம் கிட்டத்தட்ட இதே இடம்தான், பேட்லாக்னு என்க்ரிப்ஷன் எஞ்சின் செம, மத்தபடி சொல்ல ஒண்ணும் இல்ல.

இப்ப 2011ல வந்த இ-350. 18 வாட்னு பாத்ததும் ஆட்டம்காரங்க மூஞ்சியைச் சுளிப்பாங்க, ஆனா அந்த 18க்குள்ள ரெண்டு கோர், மெமரி கன்ட்ரோலர், ரேடியான் கிராஃபிக்ஸ் எல்லாமே அடக்கம். அவுட்-ஆஃப்-ஆர்டர், 64-பிட், எச்.264 வீடியோவை ஹார்டுவேர்லயே டிகோட் பண்ணும், என்270ல இருக்கிற ஜிஎம்ஏ 950க்கு அது தெரியவே தெரியாது. டெஸ்க்ல வச்சு தினமும் தட்டுறதுக்குன்னா இதுவோ 2006ல வந்த கோர் 2 டுவோவோதான் என் ஓட்டு, சுத்த சிபியு வேகத்துல கோர் 2 இன்னும் ஒரு படி மேல, ஆனா 35 வாட் கிட்ட போகும், 945 சிப்செட்ல மாட்டினதுன்னா 4 ஜிபி ராம் போட்டாலும் சுமார் 3தான் தெரியும். ரெண்டுலயும் எஸ்எஸ்இ4.2 கிடையாது, அதனால அதைக் கட்டாயமா கேக்கிற ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 பக்கம் போகாதீங்க, டெபியன் 64-பிட் போட்டு எல்எக்ஸ்டிஇங்கிற லேசான டெஸ்க்டாப்போட நிறுத்திக்கோங்க.