ஹீலியோஸா, டாக்குமரா?

சோனி கேமராவில் மாட்ட முதல் பழைய லென்ஸாக எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. இரண்டும் எம்42 எனும் திருகு மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் பொருத்தும் பகுதி) லென்ஸ்கள். மவுண்டுக்கும் சென்சாருக்கும் நடுவே எம்42-க்கு வேண்டிய இடைவெளி 45.46 மி.மீ.; சோனி இ மவுண்டில் இருப்பது 18. மீதியை ஒரே அடாப்டர் நிரப்பிவிடும்.

சோவியத் தயாரிப்பான ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப்/2. ஜெர்மனியின் பயோட்டார் லென்ஸ் வடிவமைப்பை ஒட்டியது. எஃப்/2 எனும் முழுத் திறப்பில் பின்னணி இலைகள் சுழல்வதுபோல் விழும், அழகு அதில்தான். ஆனால் ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய சென்சாரில்தான் அந்தச் சுழல் முழுசாகத் தெரியும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் படத்தின் ஓரங்களை வெட்டிவிடும். எதிர்வெளிச்சத்தில் படம் வெளிறவும் செய்யும்.

ஜப்பானின் சூப்பர் டாக்குமர் 50 மி.மீ. எஃப்/1.4-இல் ஃபோகஸ் வளையம் வழுக்கிக்கொண்டு திரும்பும். மங்கிய வெளிச்சத்துக்கும் கைகொடுக்கும். ஏழு கண்ணாடிப் பதிப்பில் தோரியம் எனும் கதிரியக்கத் தனிமம் இருப்பதால் கண்ணாடியில் மஞ்சள் படியும். புற ஊதா விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் தெளியும். சரி, முதல் லென்ஸ் எது? நான் டாக்குமரையே சொல்வேன்.