சிறுகுறிஞ்சான் கேப்சூல்: இரண்டு வருடம் போட்டுப் பார்த்ததில்

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையோடு சேர்த்து சிறுகுறிஞ்சான் மூலிகை எக்ஸ்ட்ராக்ட் கேப்சூல், காலையும் இரவும், இரண்டு வருடம் போட்டேன். நிறுத்தி நாலு மாதம் ஆகிறது.

முதல் ஆறு மாதத்தில் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.1-லிருந்து 7.2-க்கு இறங்கியது. தலைகால் புரியவில்லை, பார்த்தவர்களிடமெல்லாம் கேப்சூல் புராணம்தான். அதே ஆறு மாதத்தில் தினமும் முக்கால் மணி நேரம் நடந்ததும், எடை நாலு கிலோ குறைந்ததும் வசதியாக மறந்துபோனது.

ஒருநாள் சும்மா ஒரு கேப்சூலைப் பிரித்துப் பொடியை நாக்கில் தடவினேன். கடுங்கசப்பு. வாய் கொப்பளித்துவிட்டு ஒரு சிட்டிகை சீனியைப் போட்டால், மணலை மென்ற மாதிரி நறநறவென்று இருக்கிறது, இனிப்பு துளியும் இல்லை! இந்த மூலிகையில் உள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளை மறித்துவிடுகின்றன. அரைமணி நேரம் கழித்துத்தான் ருசி திரும்பியது. சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்று சும்மா பெயர் வைக்கவில்லை. ஆனால் கேப்சூலாக விழுங்கினால் நாக்கில் படுவதே இல்லையே? அத்தனை நாளும் இது எனக்கு உறைக்கவில்லை.

புட்டியில் 400 மி.கி. என்று மட்டும் போட்டிருக்கும்; அதில் ஜிம்னெமிக் அமிலம் எத்தனை சதவீதம் என்று இருக்காது. ஒரு புட்டிப் பொடி பச்சை, அடுத்தது பழுப்பு.

இரண்டாம் வருடம் சர்க்கரை மறுபடி ஏற, டாக்டர் கிளிமிபிரைடு சேர்த்தார். 'மூலிகைதானே' என்று கேப்சூலைப் பற்றி அவரிடம் நான் மூச்சு விடவில்லை. ஒரு விடிகாலை உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, மீட்டரில் 58. குளுக்கோஸ் கரைத்துக் குடித்துக் கால்மணி நேரத்தில் 94. கிளிமிபிரைடு கணையத்தை முடுக்கி இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை; தனியாகவே சர்க்கரையை இப்படி இறக்கிவிடும். கேப்சூலுக்கும் பங்கு உண்டா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்லாமல் போட்டால் நான் எதை வைத்துச் சொல்வது?" என்று திட்டிவிட்டு, கேப்சூலை மட்டும் நிறுத்தச் சொன்னார். மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் எச்பிஏ1சி 7.1. நிறுத்தும் முன்பும் அதே 7.1.

செடிகள்மேல் கோபமில்லை. மெட்ஃபார்மினின் பூர்வீகமே கலேகா என்ற செடிதான். அதிலிருந்த கலேஜின் மனிதருக்கு ஒத்துவராத நஞ்சு. அதன் உறவுக்காரப் பொருளான மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957-இல்தான் வெளியிட்டார்.

அரைப் புட்டி மிச்சம் இருக்கிறது. இனிப்பு ஆசை வந்தால் ஒன்றைப் பிரித்து நாக்கில் தடவிக்கொள்கிறேன். இந்தத் தடவை டாக்டருக்குத் தெரியும்.